பசிபிக் போர் விளையாட்டில் வான்சண்டை சரியில்லையா? அறிகுறியைப் பார்த்துச் சரிசெய்யும் வழி

பசிபிக் போரை வைத்து வியூக விளையாட்டு எழுதுகிறவர்களும், இருக்கிற விளையாட்டுக்கு மோட் (திருத்தப் பதிப்பு) போடுகிறவர்களும் கடைசியில் வந்து முட்டிக்கொள்ளும் இடம் வான்சண்டைதான். கப்பல் கணக்கு ஓரளவு ஒழுங்காக வந்துவிடும், தரைப்படையும் வந்துவிடும். விமானங்கள் மட்டும் ஒன்று அத்தனையும் விழும், இல்லையென்றால் ஒன்றுமே விழாது. உடனே விமான அட்டவணையைத் திறந்து ஜப்பானின் சீரோ போர்விமானத்தின் எண்ணில் இரண்டைக் குறைக்கக் கை துறுதுறுக்கும். அந்த அட்டவணைக்குக் கடைசியில் போங்கள். கோளாறு பெரும்பாலும் நேரம், தூரம், உயரம், விமானி ஆகிய நான்கில் ஏதோ ஒன்றில்தான் இருக்கும்.

கீழே சொல்வதெல்லாம் ஒரு டர்ன் ஒரு நாள், வரைபடம் ஹெக்ஸ் (அறுகோணக்) கட்டம், சண்டையைக் கணினியே சுற்றுச் சுற்றாகத் தீர்ப்பது என்ற அமைப்பை மனதில் வைத்து எழுதியது. வேறு அமைப்பிலும் காரணங்கள் இவைதான்.

முதலில் ஒரு சோதனைக் களம்

முழுப் போரையும் ஓட்டிப் பார்த்துச் சமநிலையைச் சரிசெய்ய முடியாது. உண்மை விவரம் தெளிவாகத் தெரிந்த ஒரு சின்னக் களம் வேண்டும். என் தேர்வு 1942 ஆகஸ்ட் 7, 8 தேதிகள், ரபவுல்-குவாடல்கனால். ரபவுல் ஜப்பானின் விமானத் தளம், குவாடல்கனால் சாலமன் தீவுகளில் ஒன்று.

அமெரிக்கர்கள் குவாடல்கனாலில் தரையிறங்கிய முதல் நாள், ரபவுலிலிருந்து 27 ஜி4எம் குண்டுவீச்சு விமானங்களும் அவற்றுக்குத் துணையாக 17 சீரோக்களும் வந்தன. உயரத்திலிருந்து கப்பல்கள்மேல் குண்டு போட்டார்கள், ஒன்றும் படவில்லை. ஜி4எம்களில் ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவாகவே இழப்பு. எதிர்த்துச் சண்டைக்குப் போன அமெரிக்க வைல்ட்கேட் போர்விமானங்களில் பாதி போயின. அதே நாளில் 9 டைவ் பாம்பர்களையும் (செங்குத்தாகப் பாய்ந்து குண்டு போடும் விமானங்கள்) அனுப்பினார்கள். திரும்பி வரப் பெட்ரோல் போதாது என்று தெரிந்தேதான் அனுப்பினார்கள், ஒன்றுகூடத் தளத்துக்குத் திரும்பவில்லை. மறுநாள் அதே ஜி4எம்கள் டார்பிடோவோடு கடல் மட்டத்தை ஒட்டி வந்தன. தாக்கவந்த 23இல் முக்கால்வாசி விழுந்தன. பெரும்பாலும் கப்பல் பீரங்கிகளின் வேலை அது.

ஒரே விமானம், ஒரே தளம், ஒரு நாள் இடைவெளி. விளைவு மட்டும் தலைகீழ். உங்கள் விளையாட்டு இந்த இரண்டு நாட்களையும் ஒரே அட்டவணையை வைத்துக்கொண்டு தருகிறதா என்று பாருங்கள். தரவில்லையென்றால் அட்டவணையில் என்ன எண் போட்டாலும் ஒரு நாள் சரியாகும், மறுநாள் கெடும்.

அப்புறம் லாக், அதாவது நடந்ததைப் பதியும் கோப்பு. எந்த மணிக்கு எதிரி தென்பட்டான், சந்திக்கும்போது இரு தரப்பும் எந்த உயரத்தில் இருந்தன, ஒவ்வொரு சுற்றிலும் யார் யாரைச் சுட்டது, ஒவ்வொரு இழப்புக்கும் காரணம் என்ன, எல்லாம் அதில் விழ வேண்டும். ஒரு மாற்றம் செய்தால் நூறு தடவை தானாக ஓடவிடுங்கள். சராசரியோடு பரவலையும் பாருங்கள். சராசரி சரியாக இருந்து, பாதி ஓட்டத்தில் எல்லோரும் செத்து மீதியில் யாரும் சாகாமல் இருந்தால் அது சரியான விளையாட்டு அல்ல. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். இது எல்லோருக்கும் தெரியும், யாரும் செய்வதில்லை.

அறிகுறி: ஒரே சண்டையில் இரு பக்கமும் காலி

நாற்பது பேர் மோதினால் முப்பத்தைந்து பேர் விழுகிறார்கள். இரண்டு வாரத்தில் ஜப்பானிடம் விமானமே இல்லை.

முதலில் பார்க்க வேண்டியது சுற்றுகளின் எண்ணிக்கை. சண்டை "ஒரு பக்கம் தீரும்வரை" ஓடுகிறதா? அப்படியானால் அங்கேயே நிறுத்துங்கள். நிஜத்தில் ஒரு விமானி ஒரு பாய்ச்சல், இரண்டு பாய்ச்சல் பாய்வான். அதற்குள் எதிரி எங்கோ, இவன் எங்கோ. குண்டுவீச்சு விமானங்கள் இலக்கைத் தாண்டி வீட்டுக்குத் திரும்பியிருக்கும். ஆகவே சுற்றுக்கு ஒரு கடிகாரம் கட்டுங்கள். தாக்க வருபவர் சந்தித்த இடத்திலிருந்து இலக்குவரை பறக்கும் நிமிடங்கள்தான் சண்டையின் நீளம்.

அடுத்தது தோட்டா. சீரோவின் இரண்டு 20 மி.மீ. பீரங்கிக்கும் தலா 60 குண்டுதான். சில நொடிகளில் தீரும். அதன்பிறகு அதனிடம் இருப்பது இரண்டு 7.7 மி.மீ. துப்பாக்கி, அதை வைத்து வைல்ட்கேட் போன்ற கனத்த விமானத்தை வீழ்த்துவது கஷ்டம். தோட்டா எண்ணும் ஏற்பாடு உங்கள் விளையாட்டு இன்ஜினில் இல்லாவிட்டால், மூன்றாம் சுற்றிலிருந்து சீரோவின் தாக்கு மதிப்பைப் பாதியாக்கினாலே ஓரளவு வேலை நடக்கும்.

மூன்றாவது, விலகும் உரிமை. மேகம் இருக்கிறது, கீழ்நோக்கிப் பாய்ந்து தப்பலாம். ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் தனித்தனி விமானத்துக்கு விலகும் வாய்ப்பு கொடுங்கள். வேகமாகக் கீழே பாயக்கூடிய விமானத்துக்கு அந்த வாய்ப்பு அதிகம். இந்த மூன்றையும் போட்டாலே இழப்பு பாதிக்கும் கீழே வந்துவிடும். அட்டவணையை இன்னும் தொடவே இல்லை, கவனியுங்கள்.

அறிகுறி: வான் ரோந்தைத் தாண்டி ஒரு ஈயும் வரமுடியவில்லை, அல்லது எல்லாம் வந்துவிடுகின்றன

அதிகம் கேட்கும் புகார் இதுதான். பல விளையாட்டுகளில் "ரோந்து 50%" என்று ஒரு எண் இருக்கும். 24 போர்விமானம் இருந்தால் 12 எப்போதும் தலைக்குமேலே என்று இன்ஜின் எடுத்துக்கொள்ளும். அது நடக்கவே நடக்காது.

கணக்குப் போடுங்கள். 24இல் பறக்கும் நிலையில் இருப்பது 18 என்று வையுங்கள். பகல் 12 மணி நேரம். ஒரு ரோந்து இரண்டரை மணி நேரம், ஒரு விமானம் நாளுக்கு இரண்டு தடவை ஏறும். 18 விமானமும் சேர்ந்து 90 மணி நேரம் வானத்தில் இருக்கும், அதைப் பன்னிரண்டால் வகுத்தால் எந்த நேரத்திலும் மேலே இருப்பது ஏழெட்டு. மீதி தரையிலோ கப்பல் தளத்திலோ நிற்கும். அவை சண்டையில் சேருமா என்பதை முன்னறிவிப்பு நேரம்தான் தீர்மானிக்கிறது.

குவாடல்கனாலில் இதை அப்படியே பார்க்கலாம். ரபவுலிலிருந்து சுமார் 1,040 கி.மீ. மணிக்கு 300 கி.மீ. வேகத்தில் வரும் ஜி4எம்முக்கு மூன்றரை மணி நேரம். காலையில் கிளம்பினால் நண்பகலை ஒட்டி வந்துசேரும், அமெரிக்கர்களுக்கும் அந்த நேரம் பழகிப்போனது. வழியில் பூகன்வில் தீவு. அங்கே காட்டுக்குள் ஒளிந்திருந்த கடலோரக் கண்காணிப்பாளர்கள் பால் மேசனும் ஜாக் ரீடும் தலைக்குமேல் போகும் விமானங்களை எண்ணி வானொலியில் சொல்லிவிடுவார்கள். தீவின் தென்முனையிலிருந்து இலக்குக்கு 550 கி.மீ. அளவு தூரம், ஆக இரண்டு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவான எச்சரிக்கை. குவாடல்கனாலில் இருந்த அமெரிக்க ஹெண்டர்சன் விமானத் தளத்தின் ராடார் 200 கி.மீ. தள்ளிப் பார்த்தால் கிடைப்பது 40 நிமிடம். எஃப்4எஃப்-4 வைல்ட்கேட் கனமானது. குண்டுவீச்சு விமானங்களுக்கு மேலே ஏறி நிற்க அதற்கு அரைமணிக்கு மேல் வேண்டும். ராடார் மட்டும் இருந்தால் எப்படியோ எட்டிப் பிடிக்கும். கண்காணிப்பாளர் இருந்தால் நிதானமாக ஏறிக் காத்திருக்கும். இரண்டும் இல்லாவிட்டால் பாதி உயரத்தில் மாட்டிக்கொள்ளும்.

எனவே "ரோந்து %" எண்ணைத் தூக்கிவிட்டு மூன்று நிலை வையுங்கள்: உயரத்தில் ஏற்கெனவே இருப்பவை, ஏறிக்கொண்டிருப்பவை, தரையில் நிற்பவை. முன்னறிவிப்பு நிமிடத்தையும் ஏறும் நிமிடத்தையும் ஒப்பிட்டு ஒவ்வொரு விமானமும் எந்த நிலையில் சேர்கிறது என்று முடிவுசெய்யுங்கள். கீழேயிருந்து ஏறி வருபவருக்கு முதல் சுற்றில் சுடும் வாய்ப்பே வேண்டாம். பூகன்வில் கண்காணிப்பாளரை ஒரு ஹெக்ஸில் வைத்தும் எடுத்தும் ஓட்டிப் பாருங்கள். விளைவில் பெரிய வித்தியாசம் தெரிந்தால் அமைப்பு வேலை செய்கிறது.

இதே பகுதியில் இன்னொரு பிழை ஒளிந்திருக்கும். ஒரே நாளில் நான்கு தாக்குதல் அலை வந்தால், ஒவ்வொரு அலைக்கும் ரோந்து புதிதாகப் பிறக்கிறதா? பிறக்கக்கூடாது. 1942 ஜூன் 4 காலை மிட்வேயில் ஜப்பானியக் கப்பல்கள்மேல் அலை அலையாகத் தாக்குதல். அமெரிக்க டார்பிடோ விமானங்கள் 41 தாழ்வாக வந்து பெரும்பாலும் அழிந்தன, ஹார்னெட் விமானந்தாங்கிக் கப்பலின் எட்டாம் டார்பிடோ ஸ்க்வாட்ரனில் 15க்கு 15. ஆனால் அவற்றைத் துரத்திக்கொண்டு சீரோக்கள் கீழே வந்திருந்தன, தோட்டாவும் தீர்ந்துகொண்டிருந்தது. அந்த வேளையில் உயரத்தில் வந்த டைவ் பாம்பர்களைத் தடுக்க மேலே ஆளில்லை. சில நிமிடங்களில் அகாகி, காகா, சோர்யூ என்ற மூன்று விமானந்தாங்கிக் கப்பல்களும் எரிந்தன. ரோந்து விமானத்தின் உயரம், தோட்டா, எரிபொருள் மூன்றும் அலைக்கு அலை தொடர வேண்டும். இதை ஒன்றைச் செய்தாலே "மிட்வே என் விளையாட்டில் வரவே மாட்டேன் என்கிறது" என்ற புகார் அடங்கும்.

அறிகுறி: சீரோவை 1945 வரை யாராலும் தொட முடியவில்லை

சுழலும் திறனுக்கு எடை அதிகம். அட்டவணையில் "மேனுவர்" என்று ஒரு எண்ணை வைத்து, யாருடைய எண் பெரிதோ அவர் முதலில் சுடுவார் என்றால் சீரோதான் எப்போதும் ஜெயிக்கும். வளைந்து சுற்றும் சண்டையில் அது உண்மையும்கூட. எதிரி வளைந்து சுற்ற மறுத்தால் என்ன ஆகும் என்பதுதான் கேள்வி. உயரத்திலிருந்து பாய்ந்து, ஒரு தடவை சுட்டு, அதே வேகத்தில் போய்விடுபவனிடம் சுழலும் திறன் செல்லாது. சந்திக்கும் உயர வித்தியாசம் ஒரு அளவைத் தாண்டினால் மேனுவர் எண்ணை ஒதுக்கிவிட்டு வேகத்தையும் பாயும் திறனையும் ஒப்பிடுங்கள். ஜோடியாகப் பறந்து ஒருவர் வாலை மற்றவர் காக்கும் தாட்ச் நெசவு மிட்வேயிலேயே களத்துக்கு வந்துவிட்டது. அதை ஸ்க்வாட்ரன் அனுபவத்தோடு வரும் தற்காப்பாக வைக்கலாம்.

தாங்கும் திறனைத் தனி எண்ணாக வையுங்கள். சீரோவில் கவசமும் இல்லை, தானே அடைத்துக்கொள்ளும் எரிபொருள் தொட்டியும் இல்லை. அதன் அபார தூரத்துக்கு அதுவே விலை. பட்டால் தீப்பிடிக்கும். வைல்ட்கேட் பட்டாலும் வீடு திரும்பும். "பட்டது", "விழுந்தது" இரண்டையும் ஒரே டைஸில் தீர்த்தால் இந்த வித்தியாசம் தெரியவே தெரியாது.

ஒரு குறிப்பு: சீரோ என்று ஒரே வரியாகப் போடாதீர்கள். ஏ6எம்3 மாடல் 32 இன்ஜின் பெரிது, தொட்டி சிறிது. ரபவுலிலிருந்து குவாடல்கனாலுக்குப் போய்ச் சண்டைபோட்டுத் திரும்ப அதனால் முடியவில்லை. பூகன்வில்லின் தெற்கே பூயின் தளம் தயாராகும்வரை அந்தப் புது விமானங்கள் ரபவுலில் இருந்தும் இந்தச் சண்டைக்கு உதவவில்லை. புதியது என்றால் எல்லா எண்ணும் கூட வேண்டும் என்று நினைத்து நிரப்பிய அட்டவணையில் ஜப்பானுக்குக் கிடைக்கக்கூடாத ஒரு பலம் கிடைத்துவிடும்.

அறிகுறி: பி-17கள் விமானந்தாங்கிக் கப்பல்களை மூழ்கடிக்கின்றன

ஆன்லைனில் விளையாடும் ஆட்கள் கண்டுபிடித்தவுடன் விளையாட்டையே கெடுக்கும் ஓட்டை இது. பி-17 அமெரிக்காவின் பெரிய குண்டுவீச்சு விமானம். நான்கு இன்ஜின், நிறையக் குண்டு, ஒவ்வொரு குண்டுக்கும் ஒரு டைஸ். எண்ணிக்கையில் ஏதாவது பட்டே தீரும்.

6,000 மீட்டரிலிருந்து விழும் குண்டுக்குக் கடலைத் தொட 35 நொடிக்கு மேல் ஆகும். 30 நாட் வேகத்தில் போகும் கப்பல் அதற்குள் 500 மீட்டருக்கு மேல் நகர்ந்துவிடும், அதாவது தன் நீளத்தைப்போல் இரண்டு மடங்கு. கேப்டன் குண்டு விழுவதைப் பார்த்தபின்பு சுக்கான் திருப்பினாலும் போதும். மிட்வேயில் பி-17கள் ஓடும் கப்பல் ஒன்றையும் அடிக்கவில்லை. இதனால் அடிபடும் வாய்ப்பைக் குண்டு எண்ணிக்கையோடு பெருக்காதீர்கள். உயரம், கப்பலின் வேகம் இரண்டையும் வைத்துக் கணக்கிடுங்கள், வேகம் பூஜ்யமானால் வாய்ப்பு பல மடங்கு ஏறட்டும். அதே ஆண்டு ஆகஸ்ட் 25இல் முட்சுகி என்ற ஜப்பானிய டெஸ்ட்ராயரை பி-17கள் மூழ்கடித்தன. அது அப்போது மூழ்கிக்கொண்டிருந்த ஒரு துருப்புக் கப்பலின் ஆட்களை ஏற்றிக்கொண்டு நின்றிருந்தது.

தாழ்வாக வந்தால் கதை வேறு. 1943 மார்ச் பிஸ்மார்க் கடலில் முன்னே துப்பாக்கி அடுக்கிய அமெரிக்க பி-25களும் ஆஸ்திரேலிய பியூஃபைட்டர்களும் கடலை ஒட்டி வந்து தாக்க, ஜப்பானின் எட்டுத் துருப்புக் கப்பலும் எட்டு டெஸ்ட்ராயரில் நான்கும் போயின. ஆனால் மேலே ரோந்து பலமாக இருந்து, கப்பல் பீரங்கியும் தயாராக இருந்தால் ஆகஸ்ட் 8ஆம் தேதி ஜி4எம்களின் கதிதான். உயரம் குறைத்தால் அடியும் கூடும் இழப்பும் கூடும் என்ற பேரம் ஆட்டக்காரர் கையில் இருக்கட்டும்.

டைவ் பாம்பருக்கு இந்தத் தண்டனையைப் போட்டுவிடாதீர்கள். ரோந்தே இல்லாத இடத்தில் நல்ல விமானிகள் என்ன செய்வார்கள் என்பதற்கு 1942 ஏப்ரல் 5 ஒரு சோதனை. இலங்கைக்குத் தென்மேற்கே டார்செட்ஷையர், கார்ன்வால் என்ற இரு பிரிட்டிஷ் குரூசர்கள் டைவ் பாம்பர்களிடம் அரைமணிக்குள் மூழ்கின. நான்கு நாள் கழித்து மட்டக்களப்புக்கு வெளியே ஹெர்மிஸ், அதில் அப்போது போர்விமானம் ஒன்றும் இல்லை. இந்த இரண்டும் உங்கள் விளையாட்டில் தப்பித்துப் போனால் டைவ் பாம்பர் எண் குறைவு.

அறிகுறி: 1944இலும் ஜப்பானிய விமானிகள் 1941 மாதிரியே பறக்கிறார்கள்

மாற்று விமானிகள் எந்தத் தரத்தில் வருகிறார்கள் என்று பாருங்கள். ஒரே எண்ணில் வந்தால் அதுதான் கோளாறு. இரு நாடுகளுக்கும் வருடவாரியாகப் பயிற்சித் தரத்தை வையுங்கள். அமெரிக்கா அனுபவசாலிகளைத் திருப்பி அழைத்துப் புதியவர்களுக்குக் கற்றுக்கொடுக்க வைத்தது, ஜப்பான் அவர்களை விழும்வரை பறக்க வைத்தது. ஆட்டக்காரருக்கும் அந்தத் தேர்வு வேண்டும். நல்ல விமானியைப் பயிற்சிப் பள்ளிக்கு அனுப்பினால் இன்று களத்தில் ஆள் குறையும், ஆறு மாதம் கழித்துத் தரம் ஏறும்.

இதற்கு எதிரான பிழையும் உண்டு. கப்பல் மூழ்கினால் அதன் விமானிகள் அத்தனை பேரும் செத்தார்கள் என்று இன்ஜின் எழுதிக்கொள்ளும். மிட்வேயில் நான்கு விமானந்தாங்கிகள் போயும் ஜப்பான் இழந்த விமானக் குழுவினர் சுமார் 110 பேர். மற்றவர்களைத் துணைக் கப்பல்கள் மீட்டன. அக்டோபரில் சாண்டா குரூஸ் சண்டையில் ஹார்னெட்டை மூழ்கடித்து, தன் விமானந்தாங்கி ஒன்றையும் இழக்காமல், சுமார் 150 பேரை ஜப்பான் இழந்தது. கப்பல் கணக்கில் வெற்றி, ஆள் கணக்கில் மிட்வேயைவிட மோசம். உங்கள் விளையாட்டில் இரண்டும் இந்த வரிசையில் வருகின்றனவா?

பிற்காலச் சோதனை 1944 ஜூன் 19, பிலிப்பைன் கடல். ஜப்பானிடம் ஒன்பது விமானந்தாங்கி, சுமார் 450 விமானம். அமெரிக்காவிடம் பதினைந்து, சுமார் 900. அன்று ஒரு நாளில் ஜப்பான் ஏறத்தாழ 300 விமானத்தை இழந்தது, அமெரிக்கா முப்பது சொச்சம். உங்கள் ஓட்டம் மூன்றுக்கு ஒன்றில் வந்து நின்றால் அமெரிக்கப் போர்விமானமான ஹெல்கேட்டின் எண்ணை ஏற்றாதீர்கள். ராடாரும், போர்விமானங்களை வானொலியில் வழிநடத்தும் அமைப்பும், எதிரி விமானிகளின் அரைகுறைப் பயிற்சியும் சேர்ந்துதான் அந்த விகிதம் வந்தது. ஹெல்கேட்டை ஏற்றினால் இந்தச் சண்டை சரியாகும், 1943 முழுதும் நாறும்.

அறிகுறி: சண்டை இல்லாத நாளில் ஒரு விமானமும் போவதில்லை

சட்டென்று முடிக்கிறேன், ஏனென்றால் திருத்தம் சுலபம். ஒவ்வொரு பறப்புக்கும் தூரம், களைப்பு, வானிலை, ஓடுதளத்தின் நிலை வைத்து ஒரு சிறு இழப்பு வாய்ப்பு போடுங்கள். இருட்டில் கப்பலில் இறங்குவதற்குத் தனியாகப் பெரிய வாய்ப்பு. 1944 ஜூன் 20 மாலை அமெரிக்க அட்மிரல் மிட்ஷர் 200க்கு மேற்பட்ட விமானங்களை எல்லைத் தூரத்துக்கு அனுப்பினார். எதிரியிடம் இழந்தது சுமார் 20. எரிபொருள் தீர்ந்தும் இருட்டில் இறங்கும்போதும் போனது சுமார் 80, அதுவும் கப்பல்கள் விளக்குப் போட்டபிறகு. தரையில் நிற்கும்போது அழிவதையும் சேருங்கள். 1942 அக்டோபர் 13-14 இரவு கொங்கோ, ஹருனா என்ற இரு ஜப்பானியப் போர்க்கப்பல்களும் ஹெண்டர்சன் தளத்தைப் பீரங்கியால் தாக்கி அங்கிருந்த விமானங்களில் பாதிக்குமேல் நொறுக்கின. ஒரு வான்சண்டையும் இல்லாமல்!

அறிகுறி: லாக் சரி, ஆட்டக்காரர்கள் மட்டும் திட்டுகிறார்கள்

அறிக்கைத் திரையைப் பாருங்கள். சண்டை முடிந்தவுடன் "எதிரி 22, நாம் 6" என்று காட்டுகிறதா? அது உண்மை எண்ணா, விமானிகள் சொன்ன எண்ணா? பசிபிக்கில் இரு தரப்பும் தாங்கள் வீழ்த்தியதாகச் சொன்னது எதிரி உண்மையில் இழந்ததைவிட மிக அதிகம். மூன்று பேர் ஒரே விமானத்தைச் சுட்டால் மூன்று கணக்கு, புகைவிட்டுக்கொண்டு போய் மேகத்தில் மறைந்தாலும் ஒரு கணக்கு. ஹெல்கேட்டின் 19க்கு 1 என்ற புகழும் இப்படிச் சொன்ன எண்களின் மேல்தான் நிற்கிறது. அதை இலக்காக வைத்துச் சமநிலை பார்த்தால் நீங்களும் ஏமாந்துபோவீர்கள்.

திரையில் சொன்ன எண்ணையே காட்டுங்கள், ஆனால் "விமானிகள் கூற்றுப்படி" என்று எழுதிவிடுங்கள். எதிரியின் உண்மை இழப்பு ஆட்டம் முடிந்தபிறகு மட்டும் திறக்கட்டும். இதைச் செய்யாத விளையாட்டில் எண்களை எப்படி மாற்றினாலும் புகார் வந்துகொண்டே இருக்கும். அப்புறம் பேட்ச் போடும்போது எந்த எண்ணை ஏன் மாற்றினீர்கள், எந்தச் சோதனைக் களத்தில் பார்த்தீர்கள் என்பதை மாற்றக் குறிப்பில் இரண்டு வரி எழுதிவையுங்கள். அடுத்த பதிப்பில் யாராவது சீரோவை மறுபடி இரண்டு குறைக்க வந்தால் காட்டுவதற்கு ஆகும்.